தாத்தா போட்ட சாக்பீஸ் கோடு

போன பொங்கலுக்கும் எனக்கு டியூட்டி. 'இன்று சூரியன் வடக்கே திரும்புகிறது' என்று தலைப்பு வைத்தேன். ஊரிலிருந்து தாத்தா போன்: "தப்பும்மா. திண்ணையில மதிய வெயில் விழுற இடத்துல சாக்பீஸ் கோடு போட்டிருக்கேன். மார்கழியிலயே பின்வாங்கிடுச்சே!"

தேடினால், அவர்தான் சரி. சூரியன் திரும்புவது டிசம்பர் 21, 22-லேயே. தலைசாய்ந்து சுற்றும் பம்பரம் போல பூமியின் அச்சு மெல்லத் தள்ளாடுகிறது. ஒரு சுற்றுக்குச் சுமார் 26,000 ஆண்டுகள். பருவங்கள் அச்சின் சாய்வோடு போகின்றன. நம் பஞ்சாங்க மாதங்களோ நட்சத்திரங்களை ஒட்டி. சுமார் 1,700 ஆண்டுகளுக்கு முன் சூரியன் திரும்புவதும் தை பிறப்பதும் ஒரே சமயத்தில்தான். 72 ஆண்டுக்கு ஒரு நாள் வீதம் விலகி, இப்போது மூன்று வாரத்துக்கும் மேல்!

தாத்தாவுக்கு வயது 74. அவர் ஆயுளிலேயே ஒரு நாள் நகர்ந்திருக்கிறது.

தலைப்பை மாற்றிவிட்டுச் சொன்னேன். "அது கிடக்கட்டும், நீ எப்போ வர்றே?" என்றார்.