கெமராப் படத்தில் கரும்புள்ளியா? பிள்ளையை ஏசுவதற்கு முன் இதை வாசியுங்கள்

பாடசாலை ஊடகக் கழகங்களுக்குப் பொறுப்பாக இருக்கும் ஆசிரியர்களுக்காகவே இதை எழுதுகிறேன். மற்றவர்களும் வாசிக்கலாம்.

டிஎஸ்எல்ஆர் கெமராவில் எடுத்த படங்களில், வானத்திலோ வெள்ளைச் சுவரிலோ, மங்கலான சாம்பல் நிறப் புள்ளிகள் தெரிகின்றனவா? எல்லாப் படத்திலும் அதே இடத்திலா? அது பெரும்பாலும் தூசுதான், சென்சர் பழுதாகவில்லை. சென்சருக்கு முன்னால் ஒரு மெல்லிய கண்ணாடி வடிகட்டி இருக்கிறது. தூசு உட்கார்ந்திருப்பது அதன் மேல். பிலிம் காலத்தில் ஒவ்வொரு படத்துக்கும் புதுப் பிலிம் நகர்ந்து வரும், தூசும் பழையதோடு போய்விடும். டிஜிட்டலில் அந்த ஒரே கண்ணாடிதான்.

எங்கள் பாடசாலையில் இந்தப் புள்ளிகளுக்காக ஒரு தரம் 10 மாணவன் நன்றாக ஏச்சு வாங்கினான். பரிசளிப்பு விழாப் படங்கள் சுத்தமாக இருந்தன. இல்ல விளையாட்டுப் போட்டிப் படங்களில் வானம் முழுக்கப் புள்ளி. அன்று கெமரா அவன் கையில். மைதானத்தில் நின்று லென்ஸ் மாற்றியதைக் கண்டவர்களும் உண்டு. போதாததற்கு ஒரு கடையில், "சென்சர் மாத்தோணும், அதுக்குப் புதுசே வாங்கலாம்" என்று சொல்லிவிட்டார்கள். பழைய மாணவர்கள் காசு சேர்த்து வாங்கித் தந்த கெமரா. பிள்ளை கழகத்துக்கு வருவதையே நிறுத்திவிட்டான்.

பரிசளிப்பு நடந்தது மண்டபத்துக்குள். வெளிச்சம் போதாமல் அபேர்ச்சரை எஃப் 4 வரை அகலத் திறந்து எடுத்திருக்கிறார்கள். அப்படித் திறந்தால் ஒளி பல கோணங்களில் வந்து விழும், தூசின் நிழல் கரைந்துவிடும். மைதானத்தில் உச்சி வெயில், எஃப் 16. துளை சிறுத்தால் நிழல் கூர்மையாக விழும். ஆகவே தூசு முன்பே இருந்திருக்கலாம் அல்லவா? பழைய படங்களைத் தேடினேன். அவன் கழகத்தில் சேர்வதற்கு முந்திய ஆண்டு, சுற்றுலாவில் கடற்கரையில் எடுத்த படமொன்று எஃப் 11இல் இருந்தது. இப்போதைய ஏழு புள்ளிகளில் ஐந்து, அதே இடத்தில்! ஆசிரியர் அறையில் எல்லோருக்கும் காட்டினேன்.

புதுக் கெமராவுக்கும் இது வரும். 2012இல் வந்த நிக்கோன் டி600 புள்ளி விழுவதற்கே பெயர் போனது. 2014இல் அந்த நிறுவனமே ஷட்டரை இலவசமாக மாற்றிக் கொடுத்தது. அதற்கு எந்த மாணவனை ஏசுவது?

சோதிக்க ஐந்து நிமிடம் போதும். ஐஎஸ்ஓ 100, அபேர்ச்சர் எஃப் 22, ஃபோகஸைக் கலைத்துவிட்டு வெள்ளைத் தாளை நிரப்பி ஒரு படம். கை ஆடினாலும் பரவாயில்லை, தாள் கலங்கும், புள்ளி கலங்காது. லென்ஸை மாற்றியும் அதே இடத்தில் நின்றால் உள்ளே தூசு. வியூஃபைண்டரில் மட்டும் தெரிந்து படத்தில் விழாத புள்ளியை விட்டுவிடுங்கள்.

சுத்தம் செய்ய அவனையே கூப்பிட்டேன். "மகன், நீங்களே ஊதுங்க" என்றேன். பெட்டரியை முழுதாக சார்ஜ் பண்ணியிருக்க வேண்டும், இடையில் செத்தால் கண்ணாடி விழுந்துவிடும். மெனுவில் சென்சர் சுத்தம் செய்யும் பகுதிக்குப் போய்க் கண்ணாடியை உயர்த்தி, கெமராவின் வாயைக் கீழே பார்க்கப் பிடித்து, ரப்பர் புளோவரால் ஏழெட்டு முறை. புளோவரின் மூக்கு உள்ளே போகக்கூடாது. வாயால் ஊதவே கூடாது, எச்சில் பட்டால் தூசைவிட மோசம். டின்னில் வரும் காற்றும் வேண்டாம், அதிலுள்ள திரவம் தெறித்துக் கறை பிடிக்கும். படத்தில் மேலே தெரியும் புள்ளி கண்ணாடியில் கீழே இருக்கும், ஏனெனில் பிம்பம் தலைகீழாகத்தான் விழுகிறது.

ஏழில் ஐந்து போய்விட்டது. மிச்சம் இரண்டும் ஒட்டிப் பிடித்த தூசு. அதற்கு சென்சர் அளவுக்கேற்ற ஸ்வாப் வேண்டும், எங்கள் கெமராவுக்கு 16 மில்லிமீற்றர். ஒரு பக்கத்தால் ஒரு தடவை மட்டும் இழுக்க வேண்டும், அதே பக்கத்தால் திரும்பத் தேய்த்தால் கீறும். அதைப் பழக்கமுள்ள ஒருவரிடம் கொடுப்பதாக முடிவு செய்திருக்கிறோம். விளையாட்டுப் போட்டிப் படங்களில் இருந்த புள்ளிகளை மாணவர்களே கணினியில் அழித்துவிட்டார்கள்.

புளோவர் கழக அலுமாரியில் இருக்கிறது. பக்கத்துப் பாடசாலைகளுக்குத் தேவையென்றால் இன்பொக்ஸில் சொல்லுங்கள்.