கிரவுனும் பினியனும்: ஓமலூர்ச் சாலையில் பின் அச்சுத் தொழில்

லாரியின் பின் அச்சு பாரத்தைத் தாங்குவதோடு நிற்பதில்லை; நீளவாக்கில் வரும் எஞ்சின் சுழற்சியைக் குறுக்காகத் திருப்பி, வேகத்தைக் குறைத்து முறுக்குவிசையைப் பெருக்கி, வளைவில் உள்சக்கரமும் வெளிச்சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுழலவும் அதுவே இடங்கொடுக்கிறது. இந்தக் கடைசி வேலையைச் செய்யும் டிபரன்ஷியல் என்னும் பல்சக்கரத் தொகுதிக்கு 1827இல் பிரான்சில் பெக்கர் என்பவர் காப்புரிமை பெற்றார். நாமக்கல், சங்ககிரி லாரிகளும் திருச்செங்கோட்டு ஆழ்துளைக் கிணற்று வண்டிகளும் சேலத்திலிருந்து வடக்கே போகும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில், ஓமலூரைக் கடந்த பிறகு, தொப்பூர்க் கணவாயில் ஏறியாக வேண்டியிருப்பதால், இந்தத் தொகுதியைப் பிரித்துப் பூட்டும் ‘கிரவுன் வேலை’ இச்சாலையோரத்தில் தனித்த கைத்தொழிலாகவே நிலைபெற்றிருக்கிறது.

எஞ்சினிலிருந்து வரும் தண்டின் முனையிலுள்ள சிறு பல்சக்கரம் பினியன். அது சுழற்றும் பெரிய வட்டப் பல்சக்கரம் கிரவுன். கிரவுனில் 41 பல்லும் பினியனில் 6 பல்லும் இருந்தால் விகிதம் 6.83 ஆகும். எஞ்சின் 700 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை தந்து, முதல் கியர் அதை 7 மடங்காக்கினால், பின் அச்சுக்கு 33,000 நியூட்டன் மீட்டருக்கு மேல் வந்து சேரும். அச்சுத் தண்டை முறிப்பது எஞ்சினின் குதிரைத்திறன் மட்டுமன்று. பாரம் அழுத்துவதால் டயர் வழுக்க மறுக்கும் நிலையில், ஏற்றத்தில் நின்ற வண்டியைக் கிளட்சைச் சட்டென விட்டுக் கிளப்பும் அந்த ஒரு நொடியே பெரும்பாலும் அதை முறிக்கிறது.

கால் மைல், அதாவது 402 மீட்டர், நேர்கோட்டில் பாயும் டிராக் பந்தயக் காருக்கும் இதே நொடிதான் சோதனை. 1957இல் வந்த ஃபோர்டின் 9 அங்குல அச்சை அப்பந்தயக்காரர்கள் இன்றும் நாடுவதற்கு, கிரவுனும் பினியனும் அடங்கிய தொகுதி முன்பக்கமாக முழுதாகக் கழன்று வருவதும், பினியனின் நுனியையும் ஒரு பேரிங் தாங்குவதும் முக்கியக் காரணங்கள். லாரியிலும் தொகுதி அவ்வாறே முன்பக்கமாகக் கழல்கிறது. பந்தயக்காரர் டிபரன்ஷியலையே நீக்கி இரு சக்கரங்களையும் ஒன்றாகப் பிணைத்துவிடலாம். வளைவுகளில் ஓட வேண்டிய லாரிக்கு அந்த வழி இல்லை. தண்டின் முறுக்குத் தாங்கும் வலிமை அதன் விட்டத்தின் முப்படிக்கு ஏற்ப உயர்வதால், 33 மில்லிமீட்டர் தண்டுக்குப் பதில் 38 மில்லிமீட்டர் தண்டு போட்டாலே வலிமை ஏறக்குறைய ஒன்றரை மடங்காகிறது. ஆனால் தடித்த தண்டு வாங்குவதோடு தேர்வு முடிந்துவிடுவதில்லை என்பதைப் பட்டறைக்காரர்கள் நன்கறிவர்.

முறிந்த தண்டு வந்தவுடன் முறிவு முகம் துடைக்கப்பட்டு வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்கப்படுகிறது. முனையிலுள்ள நீள்வரிப் பற்கள் கயிறுபோல் முறுக்கேறியிருந்தால் அது பாரத்தோடு கிளப்பிய ஓட்டுநரின் அவசரம். வழவழப்பான ஒரு பகுதியில் அலைகள்போல் கோடுகள் படிந்து, மிச்சம் மட்டும் சொரசொரப்பாக இருந்தால் அது பல மாதங்களாக உள்ளே வளர்ந்த பழைய வெடிப்பு.

தொழிலின் நுட்பமெல்லாம் பினியனை அமர்த்துவதில் அடங்கியிருக்கிறது. சிறுவனாகப் பட்டறைக்கு வந்து டீசலில் பாகங்கள் கழுவத் தொடங்கி, கிரவுன் பற்களுக்கிடையே இடக்கை விரலின் நுனியை இழந்து, இன்று அறுபதைக் கடந்துவிட்ட மேஸ்திரி ஒருவர் இதற்குப் பயன்படுத்துவது சாதாரண ஸ்பிரிங் தராசு. பினியன் தலையில் நூலைச் சுற்றி, அதன் நுனியைத் தராசுக் கொக்கியில் மாட்டி, நிதானமாக இழுக்கிறார். முள் எந்த எடையில் நிலைத்து நூல் சீராக அவிழ்கிறது என்பதே பேரிங்கின் இறுக்க அளவு. பிறகு பற்களில் நீலச் சாயம் தடவிச் சுழற்றுகிறார். தடம் பல்லின் அடியில் விழுந்தால் பினியன் கிரவுனை மிகவும் நெருங்கியிருக்கிறது. உச்சியில் விழுந்தால் விலகியிருக்கிறது. ஷிம் என்னும் மெல்லிய தகடுகளைக் கூட்டியும் குறைத்தும், தடம் பல்லின் நடுவே வரும்வரை மூன்று முறையோ நான்கு முறையோ பேரிங்கைக் கழற்றி மாட்டுவதில் அரைநாள் போய்விடுகிறது. பற்களுக்கிடையே இருக்க வேண்டிய தளர்வு ஒரு மில்லிமீட்டரில் கால்பங்கு அளவே. டயல் கேஜ் காட்டுவதற்கு முன்பே அவரது கட்டைவிரல் அதைச் சொல்லிவிடுகிறது.

இந்த அரைநாளுக்கு உரிய கூலி தரப்படுவதில்லை என்பது சிறு குறையன்று, அநீதி. கிரவுனும் பினியனும் ஒன்றோடொன்று தேய்த்துப் பொருத்தப்பட்டு, ஒரே எண் பொறிக்கப்பட்டு வரும் ஜோடி. ஒன்றை மட்டும் மாற்றக் கூடாது. வேறு வேறு ஜோடிகளிலிருந்து சேர்த்த பாகங்களையும், சரியாகக் கடினப்படுத்தப்படாத போலித் தண்டுகளையும் நல்ல பெட்டியில் போட்டு விற்கும் இடைத்தரகர், பொருளின் மேல் தன் பங்கை முதலிலேயே எடுத்துக்கொள்கிறார்; சில ஆயிரம் கிலோமீட்டரில் கிரவுன் சத்தம் போடத் தொடங்கினால், பில் இல்லாமல் வாங்கிய பொருளுக்குப் பதில் சொல்ல அவர் வருவதில்லை, பழி பூட்டியவர் தலையில் விழுகிறது. மேஸ்திரி கூலியின்றி மீண்டும் பிரிக்கிறார். பொருளைச் சோதித்துப் பார்க்கும் அறிவு பூட்டுபவரிடம் இருக்க, அதை வாங்கும் உரிமை அவரிடம் இல்லாதிருப்பதே இந்தத் தொழிலைத் தேய்க்கிறது. மேஸ்திரியின் மகன் இந்த வேலைக்கு வரவில்லை.

தொகுதி மீண்டும் ஏற்றப்பட்டு, தண்டுகள் செருகப்பட்டு, கந்தக நெடியுள்ள 140 ஆயில் நிரப்பு துளையின் விளிம்புவரை ஊற்றப்படுகிறது. புதுப் பற்கள் ஒன்றோடொன்று பழகும்வரை முதல் சில நூறு கிலோமீட்டருக்குப் பாரம் குறைத்து, இடையிடையே நிறுத்தி ஆறவிட்டு ஓட்ட வேண்டும் என்று மேஸ்திரி ஓட்டுநரிடம் சொல்கிறார். சரக்கு ஏற்கெனவே ஏற்றியாகிவிட்டது, காலைக்குள் பெங்களூரில் இறக்கியாக வேண்டும், ஆகவே லாரி அன்றிரவே தொப்பூர் ஏறுகிறது.