ஒண்ணேகால் கிலோ

திருவனந்தபுரம், எம்.ஜி. ரோடு. ஓணத்துக்கு இன்னும் ஒரு வாரம். ஸ்டாச்சு சந்திப்பை நெருங்கும் இடத்தில் கண்ணாடி முகப்புள்ள ஒரு எலக்ட்ரானிக்ஸ் ஷோரூம்.

வாசலில் அத்தப்பூக்களம். செவ்வந்தியும் வாடாமல்லியும் தோவாளைச் சந்தையிலிருந்து வந்தவை. கதவு திறக்கும்போதெல்லாம் ஏசிக் காற்று வெளியே பாய்கிறது. ஓரத்து இதழ்கள் நகர்கின்றன. வாட்ச்மேன் காலால் சரிசெய்கிறார்.

பூக்களத்தின் பக்கத்தில் மாவேலி வேஷக்காரர். தங்கத்தாள் கிரீடம், ஒட்டுமீசை, தலையணை வயிறு, ஓலைக்குடை. வருகிறவர்களைக் கும்பிடுகிறார். யாரும் வராதபோது குடைக்குப் பின்னால் செல்போன் பார்க்கிறார்.

முதல் மாடி. லேப்டாப் பிரிவு. மூன்று நீள மேசைகள். முதல் மேசையில் லேப்டாப்கள் தோளோடு தோள் இடித்து நிற்கின்றன. மூன்றாவது மேசையில் ஏழே ஏழு. ஒவ்வொன்றுக்கும் இடையே ஒரு முழம் வெற்றிடம். மேலே ஒரு பலகை: பிரீமியம்.

மூன்றாவது மேசையருகே ஒரு பையன். கடைச் சீருடை. ஒரு கையில் தெளிப்பான், மறு கையில் மஞ்சள் துணி. அவன் வேலை துடைப்பது.

எல்லோரும் திரையைத் தொடுகிறார்கள். தொட்டால் இயங்கும் திரையையும் தொடுகிறார்கள், இயங்காத திரையையும் தொடுகிறார்கள். நான்கு வயதுக் குழந்தை ஒன்று இயங்காத திரையில் விரலை இழுக்கிறது. படம் நகரவில்லை. அழுத்தி இழுக்கிறது. நகரவில்லை. அடுத்த லேப்டாப்புக்குப் போகிறது. அதன் தாத்தா அதே திரையில் அதே இடத்தில் விரலை இழுத்துப் பார்க்கிறார்.

பையன் இருவரின் தடத்தையும் ஒரே வீச்சில் துடைக்கிறான்.

தொடுதிரைக் கணினி புதிதல்ல. எச்பி நிறுவனம் 1983இலேயே விற்றது. திரையைச் சுற்றிச் சட்டத்தில் சிறு துளைகள். துளைகளிலிருந்து அகச்சிவப்புக் கதிர். விரல் குறுக்கே வந்தால் கதிர் தடைப்படும். கணினிக்கு விரல் நிற்கும் இடம் தெரிந்துவிடும். துளைகளில் தூசி அடைத்துக்கொண்டது. துடைக்க ஆள் தேவைப்பட்டது. அன்றும்.

படிக்கட்டில் மூன்று பேர் ஏறி வருகிறார்கள். முன்னால் மகள். கழுத்தில் டெக்னோபார்க் கம்பெனி ஒன்றின் அடையாள அட்டை, முதுகில் கனத்த பை. நடுவில் அப்பா. வெள்ளை வேட்டி, அரைக்கைச் சட்டை, சட்டைப்பை புடைத்திருக்கிறது. கடைசியில் அம்மா. ஈரக் குடையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்திருக்கிறாள்.

விற்பனை இளைஞன் எதிரே வருகிறான். மகளிடம் மலையாளத்தில் பேசுகிறான். அப்பாவைப் பார்த்ததும் தமிழுக்கு மாறுகிறான். "வாங்க சார், எந்த பட்ஜெட்ல சார்?" அப்பா மலையாளத்தில் பதில் சொல்கிறார். இவன் தமிழை விடவில்லை. அவர் மலையாளத்தை விடவில்லை. பேச்சு தடையில்லாமல் ஓடுகிறது.

ஊர் மார்த்தாண்டம். பலசரக்குக் கடை. முப்பது வருஷமாக. இதை அவர் முதல் இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடுகிறார்.

"வேலைக்கும் வேணும், படிப்புக்கும் வேணும்" என்கிறாள் மகள். ஸ்ரீகாரியத்தில் மாலை நேர எம்.டெக். பகலில் கழக்கூட்டத்தில் ஆபீஸ், சாயங்காலம் வகுப்பு, இரவு விடுதி. முதுகுப் பையை இறக்கி மேசை ஓரத்தில் வைக்கிறாள். உள்ளே ஆபீஸ் லேப்டாப். கறுப்பு, தடிமன், பதினைந்து அங்குலத்துக்கு மேல். அதில் ஆபீஸ் வேலை மட்டும்தான் ஓடும். வேறு எதை ஏற்றவும் அனுமதி கேட்க வேண்டும். பென்டிரைவ் சொருகினால் பூட்டிக்கொள்கிறது.

"அதையும் சுமக்கணும், இதையும் சுமக்கணும். அதான் வெயிட் கொறஞ்சதா பாக்கேன்."

விற்பனை இளைஞனின் முகம் மலர்கிறது. இந்தச் சொல்லுக்காகத்தான் அவன் காத்திருந்தான். ஆப்பிளின் மேக்புக் ஏர் முன்னால் கூட்டிப்போகிறான். "எடுத்துப் பாருங்க சார். வெயிட்டே இல்ல."

அப்பா எடுக்கிறார். பின்னாலிருந்து ஒரு கறுப்பு வயர் இழுக்கிறது. திருட்டுத் தடுப்பு வயர்.

"இத மாத்து" என்கிறார். இம்முறை தமிழ். "வயருக்க எடையும் சேருதுல்லா."

இளைஞன் தயங்குகிறான். சாவி எடுத்து வருகிறான். வயரைக் கழற்றுகிறான். அலாரம் ஒரு தடவை கத்தி அடங்குகிறது.

அப்பா லேப்டாப்பை மூடி உள்ளங்கையில் கிடத்துகிறார். கண்ணை மூடுகிறார். கையை இரண்டு தரம் மேலும் கீழும் அசைக்கிறார். கடையில் வெல்லக்கட்டி, புளி, வத்தல் எல்லாம் இந்தக் கையில் இப்படித்தான் கிடந்திருக்கும்.

"ஒண்ணேகால். பத்து கிராம் கொறையும்."

இளைஞன் அட்டையைத் திருப்புகிறான். 1.24 கிலோ.

துடைக்கும் பையன் துணியை நிறுத்திவிட்டுப் பார்க்கிறான்.

2008 ஜனவரியில் ஸ்டீவ் ஜாப்ஸ் முதல் மேக்புக் ஏரை ஒரு தபால் உறையிலிருந்து உருவிக் காட்டினார். அரங்கம் கைதட்டியது. அதன் எடை 1.36 கிலோ.

அப்பா திரையைத் திறந்து ஆள்காட்டி விரலால் தொடுகிறார். ஒன்றும் நடக்கவில்லை.

"மக்ளே, இது தொட்டா ஓடாதா?"

"இதுல டச் கெடயாதுப்பா."

"பின்ன என்னத்துக்கு இந்த வெல?"

மகள் பதில் சொல்லவில்லை. அடுத்த லேப்டாப்புக்கு நகர்கிறாள்.

14 அங்குலம். தொடுதிரை. இளைஞன் திரையைப் பின்னால் தள்ளுகிறான். இன்னும் தள்ளுகிறான். திரை முழுச் சுற்றுப் போய் விசைப்பலகையின் அடியில் ஒட்டிக்கொள்கிறது. லேப்டாப் பலகையாகிவிட்டது. 2012இல் விண்டோஸ் 8 வந்த சமயத்தில் லெனோவோவின் யோகா காட்டிய வித்தை. இன்று பல கம்பெனிகள் காட்டுகின்றன.

அம்மா முதல்முறையாக வாய் திறக்கிறாள். "இப்பிடித் திருப்பித் திருப்பி ஒடிஞ்சு போவாதா?"

இளைஞன் சிரிக்கிறான். பதிலாக இன்னும் மூன்று தரம் திருப்பிக் காட்டுகிறான். அம்மா திரையைப் பார்க்கவில்லை. கீலைப் பார்க்கிறாள்.

பேனா பெட்டியோடு வருகிறது. சில மாடல்களுக்குத் தனியாக வாங்க வேண்டும். இளைஞன் இதை இரண்டு முறை சொல்கிறான். மகள் பேனாவைப் பிடிக்கிறாள். திரையில் ஒரு தொகையீட்டுக் குறி. அடியில் சுழியம், மேலே முடிவிலி. கோடு பேனா முனைக்கு ஒரு மயிரிழை பின்னால் வருகிறது. அழிக்கிறாள். மறுபடி எழுதுகிறாள். உள்ளங்கையைத் திரைமேல் ஊன்றி எழுதுகிறாள். உள்ளங்கை எழுத்தைக் கெடுக்கவில்லை. தலையாட்டிக்கொள்கிறாள்.

"ராம் எவ்வளவு?"

"பதினாறு."

"பின்னால கூட்ட முடியுமா?"

"இல்ல மேடம். போர்டுலயே சால்டர். லேசான மாடல் பெரும்பாலும் அப்படித்தான்."

அப்பா இதைக் கவனமாகக் கேட்கிறார். "அப்போ இப்பமே கூட உள்ளத எடு" என்கிறார். விஷயம் புரிந்ததா என்பது தெரியவில்லை. சொன்னது சரி.

மாடிக் கண்ணாடிக்கு வெளியே தூறல். தலைமைச் செயலகத்தின் முன்னால் நீலத் தார்ப்பாய்ப் பந்தல். அரசுப் பணித் தேர்வாணையத்தின் ராங்க் பட்டியலில் பெயர் வந்தும் வேலை உத்தரவு வராதவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். 1869இல் கட்டி முடித்த கட்டடம் அவர்களுக்குப் பின்னால் வெள்ளையாக நிற்கிறது.

எதிரே மாதவ ராவ் சிலை. சந்திப்புக்கு ஸ்டாச்சு என்று பெயர் வந்தது அதனால்தான். கும்பகோணத்தில் பிறந்தவர். 1849இல் திருவிதாங்கூர் இளவரசர்களுக்குப் பாடம் சொல்ல வந்தார். 1857இல் திவானானார். பஸ் கண்டக்டர்கள் நாள் முழுவதும் ஸ்டாச்சு, ஸ்டாச்சு என்று கூவுகிறார்கள்.

பந்தலிலிருந்து இரண்டு பேர் கடைக்குள் வருகிறார்கள். சட்டையில் கறுப்புப் பட்டை. மாவேலி அவர்களையும் கும்பிடுகிறார். மாடி ஏறி ஏசிக்கு நேர் கீழே நிற்கிறார்கள். சட்டை கொஞ்சம் காய்கிறது. ஒருவன் மூன்றாவது மேசையில் ஒரு லேப்டாப்பில் எதையோ தட்டுகிறான். விற்பனையாளர்கள் யாரும் அவர்களிடம் போகவில்லை. ஐந்து நிமிடம். இறங்கிப் போகிறார்கள்.

திரையில் ஒரு வரி இருக்கிறது. ராங்க் 412.

பையன் திரையைத் துடைக்கிறான். வரி போகவில்லை. பின்பு பொத்தானை அழுத்தி ஒவ்வோர் எழுத்தாக அழிக்கிறான்.

கதர்ச் சட்டைப் பெரியவர் ஒருவர் மேசைகளைச் சுற்றி வருகிறார். கைகளைப் பின்னால் கட்டியிருக்கிறார். எதையும் தொடவில்லை. கெல்ட்ரானில் வேலை பார்த்தவர் என்று பேச்சில் தெரிகிறது. 1973இல் கேரள அரசு தொடங்கிய எலக்ட்ரானிக்ஸ் நிறுவனம்.

"கோகோனிக்ஸ் உண்டோ?"

இளைஞனுக்குச் சட்டென்று பிடிபடவில்லை. பெரியவர் விளக்குகிறார். கெல்ட்ரானும் பங்கு சேர்ந்த லேப்டாப். இதே ஊரில், மண்விளையில் பாகங்களைப் பூட்டிச் செய்தது. இளைஞன் உதட்டைப் பிதுக்குகிறான். பெரியவர் தலையசைத்துவிட்டுச் சுற்றி வருவதைத் தொடர்கிறார்.

மகள் இரண்டு லேப்டாப்களுக்கு இடையில் நிற்கிறாள். இடப்பக்கம் தொடாதது. வலப்பக்கம் தொடுவது. இடப்பக்கத்தைத் தூக்குகிறாள். வைக்கிறாள். வலப்பக்கத்தைத் தூக்குகிறாள். வலப்பக்கம் கொஞ்சம் கனம். திரைமேல் ஒரு கண்ணாடி, பெரிய கீல், பேனா.

வலப்பக்கத்துத் திரை அணைந்திருக்கிறது. பளபளப்பில் மாடி முழுவதும் தெரிகிறது. டியூப் லைட்டுகள், விலைப் பலகைகள், பின்னால் நிற்கும் அப்பா. ஒரு பெண் வந்து அதில் முகம் பார்த்துப் பொட்டைச் சரிசெய்துவிட்டுப் போகிறாள்.

"சார்ஜர் எங்க?" அப்பா கேட்கிறார்.

"சார்ஜர் பெட்டிக்குள்ள சார்."

"எடு. சார்ஜர் இல்லாம அவ எங்க போவா?"

சார்ஜர் வருகிறது. அப்பா லேப்டாப்பின் மேல் அதை வைக்கிறார். இரண்டையும் சேர்த்துக் கையில் ஏந்துகிறார். கண்ணை மூடுகிறார்.

"ஒண்ணு அறுநூறு."

அட்டையில் 1.4 கிலோ என்று மட்டும் இருக்கிறது. சார்ஜரின் எடை எந்த அட்டையிலும் இல்லை.

அப்பா மகளின் பழைய பையை ஒரு கையால் தூக்குகிறார். மறு கையில் புதியது. சற்று நேரம் அப்படியே நிற்கிறார். இரண்டையும் சேர்த்து எவ்வளவு என்று சொல்லவில்லை.

"ஒனக்க இஷ்டம் மக்ளே."

மகள் வலப்பக்கத்தைக் காட்டுகிறாள்.

இளைஞன் வேகமாக வேலை செய்கிறான். மாடல் எண்ணைக் குறித்துக்கொள்கிறான். ஸ்டாக் இருக்கிறதா என்று போனில் கேட்கிறான். ஓணம் ஆஃபர், பழையதைக் கொடுத்தால் கழிவு, சுரண்டல் கூப்பன், இலவச மவுஸ். பிறகு திரைக்கு ஒட்ட ஒரு பிளாஸ்டிக் தாள். "கீறல் விழாது சார்."

"ஒட்டு" என்கிறார் அப்பா.

"வேண்டாம்" என்கிறாள் மகள். "பேனா வழுக்கும்."

பில் கவுண்டர் தரைத்தளத்தில். வரிசை. முன்னால் ஒருவர் மிக்சி வாங்குகிறார், இன்னொருவர் ஃபேன். கவுண்டரில் இருக்கும் பெண் கம்ப்யூட்டரில் தட்டுகிறாள். அவளுடைய திரை பழையது, தடித்தது. ஓரத்தில் சந்தனப் பொட்டும் சின்ன பிள்ளையார் படமும்.

ரூ. 1,06,990.

"வரி எவ்வளவு?" அப்பா கேட்டுவிட்டு அவரே வாய்க்குள் கணக்குப் போடுகிறார். பதினெட்டு சதவீதம். உதடு அசைகிறது. "பதினாறாயிரத்து முந்நூத்தி இருவது."

பெண் திரையைப் பார்க்கிறாள். மத்திய அரசுக்கு 8,160.25. மாநில அரசுக்கு 8,160.25. ஐம்பது பைசாதான் வித்தியாசம்.

"நோ காஸ்ட் இஎம்ஐ உண்டு. வட்டி இல்ல."

"வட்டியில்லாம எவன் குடுப்பான்?" என்கிறார் பலசரக்குக் கடைக்காரர்.

பெண் புன்னகைக்கிறாள். பிராசசிங் கட்டணம் எவ்வளவு என்று சன்னமாகச் சொல்கிறாள். அப்பா அம்மாவைப் பார்க்கிறார். அம்மா குடையைப் பார்க்கிறாள்.

அப்பாவின் கை சட்டைப்பைக்குள் போகிறது. ரப்பர் பேண்ட் போட்ட நோட்டுக்கட்டு பாதி வெளியே வருகிறது. மகள் அதற்குள் கார்டைச் சொருகிவிட்டாள். நான்கு இலக்கங்களை அழுத்துகிறாள். இயந்திரம் தாளைத் துப்புகிறது. நோட்டுக்கட்டு உள்ளே போகிறது. சட்டைப்பை பழையபடி புடைக்கிறது.

கூப்பனை அம்மாவிடம் கொடுக்கிறார்கள். குடைக் கைப்பிடியால் சுரண்டுகிறாள். ஒரு ஜோடி காபிக் கோப்பை.

வெளியே மாவேலி இல்லை. படிக்கட்டுக்கு அடியில் கிரீடத்தைக் கழற்றி வைத்துவிட்டுப் பொதிச்சோறு பிரித்துக்கொண்டிருக்கிறார்.

பெட்டி அட்டைப்பையில். அட்டைப்பை அப்பாவின் கையில். மகள் கேட்டும் கொடுக்கவில்லை. வாசலில் நின்று பில்லை நீட்டிப் பிடிக்கிறார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றுகிறார். மேலிருந்து கீழே படிக்கிறார்.

மாடல் எண் இருக்கிறது. வரிசை எண் இருக்கிறது. விலை, இரண்டு வரி, தேதி இருக்கின்றன. ஒரு வருட வாரண்டி என்று இருக்கிறது. கீழே விழுந்து திரை உடைந்தால் அதில் சேராது என்றும் இருக்கிறது.

எடை எழுதவில்லை.