தண்காலின் கால்

சிறு பிராயத்தில் அம்மாச்சியின் கையைப் பிடித்துக்கொண்டு திருத்தங்கல் கண்மாய்க் கரைமேல் நடந்தபோது, மழை காணாமல் வெடித்துக் கிடந்த ஒரு பள்ளத்தைக் காட்டி, "இதுதான் ஊருக்குக் கால், இது நடந்தால்தான் ஊர் நடக்கும்" என்று அவள் சொன்ன வார்த்தை, பொருள் விளங்காமலே ஐம்பது வருஷ காலம் என் ஞாபகத்தில் கிடந்தது. சென்ற ஆண்டு நின்ற நாராயணப் பெருமாளைச் சேவிக்கக் குன்றின்மேல் ஏறினேன். ஆதிசேஷனோடு பெருமைக்கு வாதாடித் தோற்ற ஆலமரம் பெருமாளின் கிருபையால் மலையுருக் கொண்டு இங்கே தங்கிற்று என்றும், தங்கிய ஆல் ஆகையால் இது தங்காலமலை ஆயிற்று என்றும் அங்கிருந்த ஒருவர் ஸ்தலபுராணத்தை விஸ்தாரமாக எடுத்துரைத்தார். பக்தியோடு கேட்டேன். ஆயினும், அம்மாச்சி காட்டிய பள்ளத்துக்கு அந்தக் கதையில் இடமில்லையே என்ற குறை, படியிறங்கும்வரை நெஞ்சை உறுத்திக்கொண்டே இருந்தது.

அந்த உறுத்தல் என்னை ஏடுகளிடம் கொண்டு சேர்த்தது. பூதத்தாழ்வாரும் திருமங்கையாழ்வாரும் இவ்வூரைத் தண்கால் என்றே மங்களாசாசனம் செய்திருக்கிறார்கள். பெருமாளுக்கும் திருத்தண்காலப்பன் என்ற திருநாமம் இன்றளவும் வழங்குகிறது. சங்கப் புலவர் வரிசையிலோ, தங்கால் பொற்கொல்லன் வெண்ணாகனார், தங்கால் முடக்கொற்றனார் என்று ஊர் தங்கால் ஆகிவிடுகிறது. தங்கால் என்பதைத் தங்கு, ஆல் என்று பிரித்தால் மரம் கிடைக்கும். தண்கால் என்பதை அப்படிப் பிரிக்க இயலாது. எஞ்சி நிற்பது கால். அது காற்றாகவும் இருக்கலாம், நீரோடும் வாய்க்காலாகவும் இருக்கலாம். மதுரைக்கு மேற்கே வைகைக் கரையில் மேலக்கால் என்றோர் ஊர் இருப்பதும், தாமிரவருணிப் பாசனத்தில் மருதூர் மேலக்கால், கீழக்கால் என்ற பெயர்கள் வழங்குவதும் நினைவுக்கு வரவே, வாய்க்கால்தான் என்று நான் முடிவு கட்டிக்கொண்டேன்.

அம்முடிவுக்கு இளங்கோவடிகளும் துணை நின்றார். கட்டுரை காதையில், சேரனிடம் பரிசில் பெற்றுத் திரும்பும் பராசரன் என்னும் சோழநாட்டு அந்தணன் இத் தங்காலில் இளைப்பாறி, மழலை மாறாமல் வேதம் ஓதிய வார்த்திகன் மகனுக்குத் தன் அணிகலன்களை அளித்துச் செல்ல, அதைப் புதையல் என்று பிழைபட எண்ணிய காவலர் வார்த்திகனைச் சிறையிலிட, அவன் மனைவி கார்த்திகையின் துயரத்தால் கொற்றவை கோயிற் கதவு அடைத்துக்கொண்ட கதை வருகிறது. பராசரன் தங்கிய மன்றத்து மரம் ஆல் அன்று. பசிய இலை அடர்ந்த போதி, அதாவது அரசு. பிழை உணர்ந்த பாண்டியன் பிராயச்சித்தமாக வார்த்திகனுக்கு வயலூரோடு சேர்த்துக் கொடுத்த தங்காலை, நீர் பரந்த கழனிகளை உடைய ஊர் என்று அடிகள் வர்ணிக்கிறார். கழனிக்கு நீர் வருவது காலின் வழியே அல்லவா?

இந்தச் சந்தோஷத்தோடுதான் கண்மாய்க் கரையில் ஒரு பெரியவரைத் தேடிப் போனேன். பல வருஷம் நீர்பாய்ச்சியாக இருந்து, எந்த மடையை எந்த நாழிகையில் திறப்பது, எவர் வயலுக்கு எவ்வளவு விடுவது என்பதையெல்லாம் தம் பொறுப்பில் வைத்திருந்தவர். வயது எண்பதுக்கு மேல். முதல் நாள், நான் யார் வீட்டுப் பேரன் என்று மட்டும் விசாரித்துவிட்டு எழுந்து போய்விட்டார். இரண்டாம் நாள், ஊர்ப் பெயரைப் பற்றி நான் கேட்டதற்கெல்லாம் அந்த வருஷத்து ஐப்பசி மழையைப் பற்றியே பதில் வந்தது. மூன்றாம் நாள்தான், குளிர்ந்த நீர் ஓடும் கால் ஆகையால் தண்கால் என்ற என் சித்தாந்தத்தை அவர் முழுவதும் காது கொடுத்துக் கேட்டார்; கேட்டுவிட்டு மறுத்தார்.

"தம்பி, வாய்க்கால் தண்ணி எங்கே குளிர்ந்திருக்கு? கரிசல் வெயில்ல கலங்கி, வெதுவெதுன்னுல்ல வரும்! குளிர்ச்சி கிணத்துத் தண்ணிக்குத்தான்."

"அப்படியானால் காற்றுத்தானா ஐயா?" என்றேன்.

"ஆடியிலே இந்தக் கரையில வந்து நின்னு பாருங்க. மேகாத்து மண்ணை வாரி மூஞ்சில அடிக்கும்."

நீரும் போய், காற்றும் போய், நான் நின்ற இடத்திலேயே நின்றேன். அவரோ செம்பிலிருந்த தண்ணீரைத் தரையில் மெள்ளச் சாய்த்தார். அது நேரே ஓடாமல், கண்ணுக்குத் தெரியாத ஒரு சரிவை அறிந்ததுபோல் இடப்புறம் வளைந்து, இரண்டு முழ தூரம் சென்று, கரிசலின் வெடிப்பொன்றுக்குள் இறங்கி மறைந்துவிட்டது. அது போன திசையில்தான் அம்மாச்சி காட்டிய பள்ளம் இருந்தது. "அதுதான் வரத்துக்கால். கண்மாய் நிறைஞ்சா அந்தப் பக்கம் மறுகால் பாயும். கால் இல்லாட்டி கண்மாய் எதுக்கு?" என்றவர், சற்று நேரம் சும்மா இருந்துவிட்டு, "தண்ணின்னா குளிர்ச்சின்னு யார் சொன்னது? சுடுதண்ணின்னும்தானே சொல்றோம்!" என்றார்.

அந்த வார்த்தை என் விசாரணையை வேறு திசைக்குத் திருப்பிவிட்டது. தண்சோணாடு என்றும் தண்பொருநை என்றும் தண்குடந்தை என்றும் புலவர் பாடியபோது அவர்கள் நீரைத் தொட்டுப் பார்த்துச் சூடு கணித்துச் சொல்லவில்லை. நீர்வளம் உடையது, வாழத் தகுந்தது என்று வாழ்த்தினார்கள். நீர் அருமையான நிலத்தில் பிறந்த பாஷைக்குக் குளிர்ச்சியும் செழிப்பும் ஒன்றே. அகராதியில் நான் தேடியது வெப்பத்தின் அளவை. பெரியவர் அறிந்திருந்தது மங்களச் சொல்லை. தண்கால் என்பது ஓர் ஊர் தன் வாய்க்காலுக்குச் செய்த வாழ்த்து என்று அன்று தெளிந்தேன்.

அத் தெளிவு, ஊரின் மற்றொரு பாதியையும் எனக்குக் காட்டிற்று. தங்காற் பொற்கொல்லனார் பாடிய புறநானூற்றுப் பாட்டொன்றில், இருளில் பதுங்கி வரும் காட்டுப்பூனைக்கு நடுங்கிய இளம் பேடைக்கோழி, பருத்திச் செற்றையைத் தட்ட எழுந்த பெண்ணின் சிறுவிளக்கொளியில் தன் சேவலைக் கண்டு அச்சம் தணிகிறது. அது தங்காலைப் பாடிய பாட்டு அன்று. எனினும், பருத்திப் பெண்டிரின் இரவு வேலையை அருகிருந்து கண்டவரால்தான் அதைப் பாடியிருக்க முடியும். ஆக, காலின் நீர் எட்டும்வரை நெல்லும், எட்டாத கரிசலில் பருத்தியும் கம்பும் சோளமுமாக இந்த நிலம் இரு முகம் கொண்டது. 1923-ஆம் ஆண்டு வாக்கில் சிவகாசியில் காலூன்றிய தீப்பெட்டித் தொழிலும், பின்னர் வந்த பட்டாசும் இந்த வறட்சியையே மூலதனமாகக் கொண்டு வளர்ந்தன. அதனால் நீரின் முகம் மெல்ல மறந்துபோயிற்று. பேச்சு வழக்கில் தங்கால் குறுகித் தங்கல் ஆனபோது, பெயரிலிருந்த காலும் மறைந்துவிட்டது.

2021-ல் திருத்தங்கல் நகராட்சி சிவகாசி மாநகராட்சியோடு இணைக்கப்பட்டது. அந்தப் பள்ளம் இன்னும் இருக்கிறது. பாதி கருவேல முட்புதர், பாதி கட்டட இடிபாடு. ஆனாலும் சரிவு மாறவில்லை. மலைக்கு வந்து பெருமாளைச் சேவிக்கும் அன்பர்கள், இறங்கியபின் அரை நாழிகை கண்மாய்க் கரைக்கும் வந்து அந்தக் காலைப் பார்க்க வேண்டும். ஊரார் அடுத்த ஐப்பசிக்குள் அதைத் தூர்வார வேண்டும். இந்த ஊருக்குப் பெயர் கொடுத்தது அதுவே.