முதலில் வாங்க வேண்டிய சாமான்கள்

என்னிடம் படித்த பையன் ஒருவன் ஐ.டி.ஐ. முடித்து, திருச்செங்கோட்டில் ரிக் வண்டிப் பட்டறையில் சேர்ந்திருக்கிறான். "சார், முதல்ல என்னென்ன வாங்கணும்?" என்று போனில் கேட்டான். நான் கணக்கு வாத்தியார்தான். ஆனால் அப்பா லாரி மெக்கானிக். தெரிந்ததைச் சொன்னேன்.

கடன் வாங்கிப் பெரிய பெட்டி வாங்காதே. 8 முதல் 32 மி.மீ. வரை ஸ்பேனர், அரை இன்ச் சாக்கெட் செட், ஆலன் கீ, திருப்புளி, கட்டிங் பிளேயர், சுத்தியல், டார்ச் லைட். இப்போதைக்கு இவை போதும். மற்றதை மாதம் ஒன்றாகச் சேர்த்துக்கொள்.

பழைய அமெரிக்க இன்ஜின்களில் இன்ச் போல்ட் வரும். முக்கால் இன்ச் என்பது 19.05 மி.மீ.; 19 ஸ்பேனர் கிட்டத்தட்டச் சரியாக இருக்கும். அரை இன்ச் 12.7தான், 13 போட்டால் ஆடும், போல்ட்டின் மூலை மழுங்கிவிடும்.

முக்கியமானது ஒன்று. ஹைட்ராலிக் ஹோஸ் கசிந்தால் விரலால் தடவிப் பார்க்காதே. ஊசித் துளை வழியே அழுத்தத்தில் வரும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே சிறு புள்ளிதான் தெரியும், வலியும் முதலில் அதிகம் இருக்காது. தாமதித்தால் விரலையே எடுக்க வேண்டி வரலாம். கண்ணாடி, கையுறை போட்டுக்கொண்டு, தள்ளி நின்று அட்டைத் துண்டை நீட்டிப் பார். மேலே பட்டுவிட்டால் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ.

உங்கள் வீட்டுப் பிள்ளைகள் யாராவது பட்டறையில் இருந்தால் கடைசி விஷயத்தை மட்டுமாவது இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.