"மலையே ஏறுறவகிட்ட மாடியைக் கேக்குறீங்களே!" - ஆயாவின் ஆபரேஷனும் நான் மறைக்கப் பார்த்த உண்மையும்

"பாட்டிம்மா, ரெண்டு மாடி நிக்காம ஏறுவீங்களா?"

மயக்க மருந்து டாக்டர் இப்படிக் கேட்டதும் ஆயாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "மலையே ஏறுறவகிட்ட மாடியைக் கேக்குறீங்களே சாமி!"

கல்வராயன் மலையில், வெள்ளிமலையைத் தாண்டி இருக்கிறது ஆயாவின் ஊர். பித்தப்பையில் கல். கச்சிராயப்பாளையம் வழியாக இறங்கி கள்ளக்குறிச்சிக்கு வந்து சேர்ந்திருந்தோம். "லேப்ராஸ்கோப்பிதானே... நாலு சின்ன ஓட்டை. ரெண்டு நாள்ல வீட்டுக்குப் போயிடலாம்" என்றார்கள் சொந்தக்காரர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஆனால், எனக்கு ஒரு விஷயம் தெரியும். பொங்கலுக்குப் போயிருந்தபோது, தண்ணீர்க் குடத்தோடு மேடு ஏறிய ஆயா, பாதியிலேயே குடத்தை இறக்கிவைத்து மூச்சு வாங்கினார். பி.பி மாத்திரையையும் 'தலை சுத்துது' என்று அவராகவே நிறுத்தியிருந்தார்.

இதைச் சொன்னால் ஆபரேஷனைத் தள்ளிப்போட்டுவிடுவார்களோ என்று பயம். நடுராத்திரியில் மறுபடி வலி வந்தால் மலையிலிருந்து யார் இறக்கிக்கொண்டு வருவது? பேசாமல் நின்றேன்.

"வெளியில ஓட்டை சின்னதுதான் தம்பி. உள்ளே இதயத்துக்கு வேலை சின்னதில்லை" என்றார் டாக்டர், என் முகத்தைப் பார்த்து. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அவர் விளக்கியது இதுதான். கேமராவும் கருவிகளும் வேலை செய்ய வயிற்றுக்குள் இடம் வேண்டும். அதற்காக கார்பன் டை ஆக்ஸைடு வாயுவைச் செலுத்தி வயிற்றைப் பலூன்போல உப்பவைக்கிறார்கள். அழுத்தம் வழக்கமாக 12 முதல் 15 மி.மீ பாதரச அளவு. கால்களிலிருந்து ரத்தத்தை இதயத்துக்குக் கொண்டுவரும் பெரிய சிரையை இந்த அழுத்தம் நெருக்குகிறது. இதயத்துக்கு வந்துசேரும் ரத்தம் குறைகிறது. பித்தப்பை ஆபரேஷனில் தலைப்பக்கம் மேஜையை உயர்த்துவதால், கால்களில் இன்னும் கொஞ்சம் ரத்தம் தங்கிவிடுகிறது. அதே நேரம் ரத்தக் குழாய்கள் இறுகி, பி.பி ஏறுகிறது. குறைந்த ரத்தத்தை, கூடுதல் எதிர்ப்பைத் தாண்டி இதயம் தள்ள வேண்டும்.

வயிறு சட்டென விரியும்போது சிலருக்கு நாடித்துடிப்பு வேகமாகக் குறைவதும் உண்டு. உடனே வாயுவை வெளியேற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும். ரத்தத்தில் கலக்கும் வாயு நுரையீரல் வழியாக வெளியேற வேண்டும் என்பதால், செயற்கை சுவாசத்தையும் கொஞ்சம் கூட்டிவைப்பார்கள்.

நல்ல இதயம் இவற்றையெல்லாம் தாங்கிக்கொள்ளும். பலவீனமான இதயம் திணறும். மாடிப்படிக் கேள்வி, இதயத்தின் தெம்பை அளக்கும் கேள்வி!

எக்கோ எடுத்ததில், பல வருட பி.பி-யால் ஆயாவின் இதயத்தசை தடித்திருந்தது தெரிந்தது. மாத்திரைகளை ஒழுங்காகச் சாப்பிடவைத்து, மூன்று வாரம் கழித்து ஆபரேஷன். வாயுவை மெதுவாக, குறைந்த அழுத்தத்தில் செலுத்தினார்கள். நல்லபடியாக முடிந்தது. மறுநாள் ஆயாவுக்கு இருந்த ஒரே புகார், "வயித்துல கத்தி வெச்சாங்க, தோள்பட்டை ஏன் வலிக்குது கண்ணு?" மிச்ச வாயு உதரவிதானத்தை உறுத்துவதால் வரும் வலியாம் அது. இரண்டே நாளில் போய்விட்டது.

1990-ல் மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில் டாக்டர் உத்வாடியா, இந்தியாவின் முதல் லேப்ராஸ்கோப்பி பித்தப்பை ஆபரேஷனைச் செய்தார். இன்று இந்த சிகிச்சை எங்கள் மலை மக்களுக்கும் எட்டும் தூரத்தில் வந்துவிட்டது. காயம் சின்னது, வலி குறைவு, சீக்கிரம் எழுந்து நடக்கலாம். பயப்படத் தேவையில்லை.

உங்கள் வீட்டில் யாருக்காவது இந்த ஆபரேஷன் என்றால், மூச்சு வாங்குவது, நெஞ்சு படபடப்பு, சாப்பிடும் மாத்திரை, நிறுத்திய மாத்திரை என எல்லாவற்றையும் மயக்க மருந்து டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். தேதி தள்ளிப்போனாலும் பரவாயில்லை.

ஆயா இப்போது மாத்திரையைத் தவறவிடுவதில்லை. தினமும் ராத்திரி எட்டு மணிக்கு நான் போன் போடுவேன். "போட்டுட்டேன்டா, போனை வை!" என்பார்.