டாக்கோக் கடையில் ஒரு மாலை

சென்ற கோடை விடுமுறையில் அம்மாவும் நானும் மெக்சிகோ நாட்டின் தலைநகரான மெக்சிகோ நகரத்திற்குச் சென்று வந்தோம். அங்கே என் அக்கா ஒரு கணினி நிறுவனத்தில் ஓராண்டாகப் பணியாற்றுகிறாள். ஊர் சுற்றிப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. அம்மாவுக்கோ வேறு எண்ணம். “மொழி தெரியாத ஊரில் பெண்பிள்ளை தனியாக இருந்தது போதும். கையோடு அழைத்து வந்துவிடுவேன்” என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுத்தான் புறப்பட்டார்கள்.

மெக்சிகோ நகரம் நம் உதகமண்டலத்தைப் போல ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மே மாதத்திலும் மாலையில் குளிர்ந்த காற்று வீசியது. முதல் மூன்று நாட்களும் அம்மா அக்கா வீட்டுச் சோற்றையும் ரசத்தையும் தவிர வேறொன்றையும் தொடவில்லை. நான்காம் நாள் அக்கா, “நான் வழக்கமாகச் சாப்பிடும் இடத்தை நீங்கள் பார்க்கவே இல்லையே, அம்மா” என்று சொல்லி, தெருக்கோடியில் இருந்த டாக்கோக் கடைக்கு எங்களை அழைத்துச் சென்றாள்.

டாக்கோ என்பது வேறொன்றுமில்லை. மக்காச்சோள மாவில் உள்ளங்கை அகலத்திற்குச் சுட்ட மெல்லிய ரொட்டியில் இறைச்சியையோ காய்கறியையோ வைத்து, வெங்காயமும் கொத்தமல்லித் தழையும் தூவி, எலுமிச்சை பிழிந்து, மடித்து உண்பது. அந்த ரொட்டிக்கு டோர்ட்டியா என்று பெயர். கரண்டியும் முள்ளும் வேண்டாம்; கையே போதும். எங்களுக்கு அது எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்று சொல்லவும் வேண்டுமா?

கடை வாசலில் பன்றி இறைச்சித் துண்டுகளை நீண்ட கம்பியில் நெடுக அடுக்கி, நெருப்பருகே சுழல விட்டிருந்தார்கள். உச்சியில் கிரீடம் போல ஓர் அன்னாசிப்பழம்! கடைக்காரர் இறைச்சியைச் சீவி ரொட்டியில் ஏந்தினார். கத்தியின் ஒரே வீச்சில் அன்னாசித் துண்டு ஒன்று பறந்து வந்து அதன்மேல் விழுந்தது. லெபனானிலிருந்து குடியேறியவர்கள் கொண்டுவந்த முறையாம் அது. மெக்சிகோ மக்கள் அதைத் தங்களுடையதாகவே ஆக்கிக்கொண்டார்கள்.

அம்மாவின் பார்வையோ உள்ளே இருந்தது. அங்கே ஐம்பது வயது மதிக்கத்தக்க அம்மையார் ஒருவர் மாவை உருட்டி, அச்சில் அழுத்தி, சூடான கல்லில் இட்டுக்கொண்டிருந்தார். ரொட்டி பூரிபோல் உப்பியது. அம்மா எழுந்து அவரருகே போய் நின்றுவிட்டார்கள். அக்கா இருவர் பேச்சையும் மொழிபெயர்த்தாள்.

மக்காச்சோளத்தை இரவே சுண்ணாம்பு நீரில் வேகவைத்து ஊறவிட்டு, மறுநாள் தோல் போகக் கழுவி அரைக்க வேண்டுமாம். “சுண்ணாம்பா? வெற்றிலைக்குத் தடவுகிறோமே, அந்தச் சுண்ணாம்பா?” என்று அம்மா வியந்தார்கள். அந்த அம்மையார் சிறிது எடுத்துக் காட்டினார். அம்மா விரலால் தொட்டுப் பார்த்து, “நம் வீட்டுச் சுண்ணாம்பேதான்!” என்று சிரித்தார்கள். ஊரை விட்டுப் புறப்பட்ட பிறகு அம்மா சிரித்தது அன்றுதான்.

இதைப் பற்றி, திரும்பி வந்ததும் எங்கள் உயிரியல் சிஸ்டரிடம் கேட்டேன். மக்காச்சோளத்தில் உள்ள நியாசின் என்னும் உயிர்ச்சத்து, சுண்ணாம்பு நீரில் வெந்தால்தான் நம் உடலுக்கு நன்கு கிடைக்குமாம். மக்காச்சோளத்தை மட்டும் எடுத்துச் சென்று, இந்தப் பக்குவத்தை விட்டுவிட்ட இத்தாலியிலும், பின்னர் அமெரிக்காவின் தென் மாநிலங்களிலும் அதையே நம்பி வாழ்ந்த ஏழைகள் பெல்லாக்ரா என்னும் நோயால் மாண்டார்கள். நியாசின் குறைவே அதற்குக் காரணம் என்பது 1937-க்குப் பிறகே தெளிவாயிற்று. பள்ளிக்கூடமே இல்லாத காலத்துத் தாய்மார்கள் கண்ட பக்குவம் எத்தனை உயிர்களைக் காத்திருக்கிறது, பார்த்தீர்களா!

அம்மாவின் தட்டில் பச்சையாக ஏதோ வதக்கி வைத்திருந்தது. சப்பாத்திக்கள்ளி! முள் நீக்கி நறுக்கிய மடல்கள். “வேலியோரம் கிடப்பதையா சமைக்கிறார்கள்?” என்ற அம்மா, இரண்டாவது டாக்கோவும் கேட்டு வாங்கினார்கள். மெக்சிகோவின் தேசியக் கொடியிலேயே கழுகு அந்தக் கள்ளியின் மேல்தான் அமர்ந்திருக்கிறது. நாம் நம்முடையவை என்று எண்ணும் மிளகாயும் தக்காளியும் கொய்யாவும்கூட அமெரிக்கக் கண்டத்திலிருந்து கடல் கடந்து வந்தவைதாமே!

உண்டு முடித்து எழுந்தவர்கள் எங்கள் மேசையைக் கடக்கும்போது, முன்பின் அறியாத எங்களிடம் “புவேன் ப்ரொவேச்சோ” என்றார்கள். உணவு நன்மை தரட்டும் என்பது அதன் பொருள். அம்மா ஒவ்வொருவருக்கும் கைகூப்பினார்கள். அந்தக் கடையில் சீட்டு எழுதும் வழக்கமும் இல்லை. “எத்தனை உண்டீர்கள்?” என்று கேட்டு, நாம் சொல்லும் கணக்கிற்கே பணம் வாங்குகிறார்கள்.

பணம் கொடுக்கும்போது அந்த அம்மையார் அக்காவின் கன்னத்தைத் தட்டி ஏதோ சொன்னார். அக்கா மொழிபெயர்க்கத் தயங்கினாள். அம்மா விடவில்லை. சென்ற மழைக்காலத்தில் அக்கா காய்ச்சலாய்க் கிடந்தபோது, மூன்று நாட்கள் கோழிச் சாறு காய்ச்சி வீட்டிற்கே கொண்டுவந்து கொடுத்தவர் அவர்தானாம். “இப்போது உடம்பு தேறியிருக்கிறாள், கவலைப்படாதீர்கள்” என்றுதான் அம்மாவிடம் சொன்னாராம். அம்மா ஒன்றும் பேசவில்லை. மாவு படிந்த அந்தக் கைகளைத் தம் இரு கைகளாலும் பற்றிக்கொண்டார்கள்.

வீடு திரும்பும் வழியில், “அடுத்த மாதம் மாங்காய் ஊறுகாய் அனுப்புகிறேன். அந்த அம்மாவுக்கும் ஒரு பாட்டில் கொடு” என்றார்கள். அக்கா என் கையைக் கிள்ளினாள். ஊருக்கு அழைத்துப்போகும் பேச்சு பிறகு எழவே இல்லை.

மெக்சிகோவின் பாரம்பரிய உணவுமுறையை 2010-இல் யுனெஸ்கோ நிறுவனம் மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாக ஏற்றது. அது ஏட்டில் உள்ள பெருமை. காய்ச்சலில் கிடக்கும் அயலூர்ப் பெண்ணுக்குச் சாறு கொண்டுவரும் கை, ஏட்டில் ஏறாத பெருமை. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள் நம் பெரியவர்கள். தோழிகளே, நம் ஊருக்கும் மொழி தெரியாதவர்கள் பிழைப்புத் தேடி வருகிறார்கள். அவர்களுடைய தாய்மார்களும் எங்கோ தூரத்தில் கவலையோடுதான் இருப்பார்கள்.

— பதினோராம் வகுப்பு மாணவி